மணிக்கயிற்றைப் பிடித்தவர்

என் வீட்டுக்காரருக்கு ஒரு சாமியார் மேல் பொறாமை. அந்தச் சாமியார் செத்து இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவர் இருந்தது மெக்சிகோ தேசத்தில். இவர் இருப்பது திண்டுக்கல்லிலிருந்து வெள்ளோடு தாண்டி, சிறுமலை அடிவாரத்தில். நடுவில் சமுத்திரங்கள் கிடக்கின்றன. இருந்தும் போன ஆவணி மாதம் முழுக்க இந்த மனுஷன் அந்தச் சாமியாரை நினைத்து வயிறெரிந்துகொண்டு திரிந்தார். சொன்னால் சிரிப்பீர்கள். ஒரே வீட்டில் குடியிருந்து பார்த்திருந்தால் தெரியும்.

அவர் பெயர் சூசைமாணிக்கம். எங்கள் ஊர் வியாகுல மாதா கோயிலில் கோயில்பிள்ளை. கோயிலைத் திறப்பது, பூட்டுவது, பீடத்தில் மெழுகுவர்த்தி ஏற்றுவது, பூசைக்கு வேண்டியதை எடுத்து வைப்பது எல்லாம் அவர் பொறுப்பு. அவரைக் கேட்டால் அதெல்லாம் எவன் வேண்டுமானாலும் செய்யலாம், மணி அடிப்பது ஒன்றுதான் வேலை என்பார். கல்யாணமான மறுநாள் விடிவதற்கு முன்னால் கண் விழித்தேன். பக்கத்தில் ஆள் இல்லை. புது மாப்பிள்ளை மணி அடிக்கப் போய்விட்டார். எனக்கு ஒரு சக்களத்தி இருக்கிறாள், அவள் வெண்கலத்தில் செய்தவள் என்று அன்றைக்கே புரிந்துகொண்டேன். அவள் மேல் எனக்கு இருக்கிற எரிச்சல் இன்றைக்கும் தீரவில்லை. அவளுக்கு ஒரு தும்மல் வந்தாலும் இவர் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். எனக்கு சிக்குன்குனியா வந்து மூட்டெல்லாம் வீங்கிக் கிடந்தபோது மாத்திரை வாங்கி வரச் சொல்லி அடுத்த வீட்டு ஆளை அனுப்பினார்.

எங்கள் ஊர் மணியில் இரண்டு பேச்சு உண்டு. திருவிழா மணிக்குக் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்து, குறுக இழுத்து, மேலே ஓட விடாமல் பாதியிலேயே மடக்கிப் பிடிக்க வேண்டும். அப்போது மணியின் நாக்கு இரண்டு பக்கமும் பட்டு, மூச்சு விடாமல் கலகலவென்று பேசும். சாவு மணிக்கு ஒரே இழுப்பு. இழுத்துவிட்டுக் கயிற்றை அதன் போக்கில் விட்டுவிட வேண்டும். அந்த ஒலி தேய்ந்து அடங்கும் வரை ஒரு பரலோக மந்திரம் சொல்லிவிட்டு, மறுபடி ஓர் இழுப்பு. வேதக்காரர் வீடு, இந்து வீடு என்று பார்ப்பதில்லை. ஊரில் எந்த வீட்டில் உயிர் போனாலும் அந்த மணிதான். அதைக் கேட்டால் தோட்டத்தில் நிற்கிறவர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வருவார். அடுப்பை அணைப்பார்கள். திருவிழா நாளாக இருந்தாலும் மேளம் நின்றுவிடும், சப்பரம் நகராது. யார் வாய்ச்சொல்லையும் எங்கள் ஊரில் இரண்டு தடவை விசாரிப்பார்கள். மணி சொன்னால் விசாரிக்க மாட்டார்கள்.

இப்படி ஒரு வேலை கையில் இருந்தால் மனுஷனுக்குக் கொஞ்சம் கர்வம் வரத்தான் செய்யும். இவருக்கு வந்தது பொறாமை. குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்து திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது உபதேசியார் அன்புமணிதான் மணி அடித்தார். நான் பார்க்கப் போனால், "ஆளுக எதுவும் சொல்றாகளா?" என்று கேட்டார். எதைப் பற்றி என்று கேட்டேன். "மணி சரியில்லைன்னு" என்றார். எல்லாரும் நல்லாத்தான் இருக்கு என்கிறார்கள் என்றேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பக்கத்து ஊர்க் கோயிலில் கரண்டில் ஓடும் மேளமும் மணியும் வாங்கி வைத்தபோது அந்த மெஷின் மேலும் பொறாமைப்பட்டார். மெஷின் ரிப்பேர் ஆனதும் எனக்கு அரைக்கிலோ அல்வா வாங்கி வந்தார்.

இந்த நிலைமையில்தான் என் தம்பி பிராங்க்ளின் லீவில் வந்தான். மெக்சிகோவில் கார் பாகம் செய்கிற கம்பெனியில் சூப்பர்வைசர். பல வருஷமாக அங்கேதான் இருக்கிறான். செப்டம்பர் பதினைந்தில் வருகிற வியாகுல மாதா திருவிழாவுக்கு இந்தத் தடவை அவன்தான் உபயம். கோபுரத்துக்குச் சீரியல் பல்பு, சப்பரத்துக்குப் பூ, மூன்று நாள் மேளம் எல்லாம் அவன் செலவு. வந்த முதல் வாரம் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் அந்தக் கதையைச் சொன்னான்.

"நம்ம திருவிழா முடிஞ்ச மறுநாள் அந்த நாடே லீவுக்கா. செப்டம்பர் பதினாறு. நம்ம ஆகஸ்ட் பதினஞ்சு மாதிரி."

முந்நூறு வருஷம் ஸ்பெயின்காரன் அந்த நாட்டை ஆண்டானாம். டொலோரஸ் என்று ஒரு சின்ன ஊர். அந்தப் பேருக்கே வியாகுலம் என்றுதான் அர்த்தம். அங்கே இருப்பதும் நம்முடைய வியாகுல மாதா கோயில்தான். அந்தப் பங்குசாமி பெயர் ஹிடால்கோ. சும்மா பூசை வைத்துவிட்டுப் போகிற சாமியார் இல்லை. ஊர்க்காரர்களுக்குப் பானை வனைய, பட்டுப்பூச்சி வளர்க்க, திராட்சை போடக் கற்றுக்கொடுத்தார். ஸ்பெயினிலிருந்துதான் திராட்சை ரசம் வர வேண்டும், இங்கே கொடி வைக்கக் கூடாது என்று சட்டம்; அந்தச் சாமியார் போட்ட கொடிகளை வெட்டிப் போட்டார்கள் என்றும் சொல்வார்களாம். இதைக் கேட்டபோது எனக்கே ரத்தம் கொதித்தது. நான் பன்னீர் திராட்சைத் தோட்டத்தில் கவாத்து வெட்டுகிறவள். காய்ப்புக்கு வந்த கொடியை வெட்டிச் சாய்க்கிறவன் எப்படிப்பட்டவனாக இருப்பான் என்று எனக்குத் தெரியும்.

சாமியாரும் இன்னும் சிலரும் சேர்ந்து வெள்ளைக்காரனை எதிர்க்க ரகசியமாகத் திட்டம் போட்டார்கள். அது வெளியே தெரிந்துவிட்டது. பிடிக்க வருகிறார்கள் என்று சேதி வந்ததும், இனிமேல் காத்திருந்து பிரயோஜனமில்லை என்று அவர் ஞாயிற்றுக்கிழமை விடியக்காலம் கோயில் மணியை முழக்கினார். பூசைக்கு என்று நினைத்து ஜனம் கூடியது. வாசலில் நின்று, எழுந்து வாருங்கள் என்று கூப்பிட்டார். அரிவாளும் கவணும் கம்புமாக அப்படியே கிளம்பிவிட்டார்கள். மாதா படம் வரைந்த துணியைக் கொடியாகப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

"ஜெயிச்சாகளா?" என்று கேட்டேன்.

"உடனே இல்லக்கா. மறு வருசமே அவரைப் பிடிச்சுச் சுட்டுட்டானுக. தலையை வெட்டி ஒரு கட்டடத்து மூலையில தொங்க விட்டானுக. அப்புறம் மத்தவுக சண்டை போட்டு, பதினோரு வருசம் ஆச்சு விடுதலை கிடைக்க. ஆனா கொண்டாடுறது என்னமோ அந்த மணி அடிச்ச நாளத்தான். அந்த மணியை தலைநகருக்கே கொண்டுபோய் அரண்மனையில மாட்டிருக்காக. வருசா வருசம் நாட்டுத் தலைவரே மாடியில நின்னு கயித்த இழுப்பாரு. கீழ லட்சம் சனம் கத்தும்."

 சோற்றைப் பிசைந்தபடி இருந்த இவர் நிமிர்ந்தார். "ஒரு நாள் அடிச்சதுக்கா?" என்றார்.

"ஒரு நாள்தான் மச்சான்."

"ஒரே ஒரு தடவை?"

கையைக் கழுவிவிட்டு எழுந்து போய்விட்டார். தட்டில் வைத்த வெஞ்சனம் அப்படியே இருந்தது.

அதற்கப்புறம் எனக்கு வீட்டில் நிம்மதி போயிற்று. இவர் ஆரம்பித்துவிட்டார்: மழையில் அடித்திருக்கிறேன், காய்ச்சலோடு அடித்திருக்கிறேன், பெத்த அப்பன் பிணமாகக் கிடந்தபோது அழுதுகொண்டே அடித்திருக்கிறேன். என் பேரை ஒரு தெருவுக்காவது வைத்தானா என்று புலம்பினார். அந்தச் சாமியாருக்குத் தலை போனதே என்றேன். "தலை போனா என்னடி, பேரு நிக்குதுல்ல?" என்றார். உங்கள் தலையையும் வாங்கச் சொல்லவா என்று கேட்டேன். அன்றைக்கு என்னோடு பேசவில்லை.

இது இத்தோடு போயிருந்தால் ஒரு சிரிப்புக் கதையாகப் போயிருக்கும். என் தம்பிக்குப் புத்தி வேறு மாதிரி போயிற்று. பங்குப் பேரவைக் கூட்டத்தில் எழுந்து, மெக்சிகோவில் நாட்டுத் தலைவரே மணி அடிக்கிறார், இங்கேயும் சப்பரம் கிளம்புகிற நேரத்தில் உபயகாரர் மணி அடித்தால் ஊருக்குப் பெருமைதானே என்று கேட்டிருக்கிறான். உபயகாரர் என்றால் வேறு யார், அவன்தான். பங்குசாமி புதிதாக வந்தவர், இளம்பிள்ளை. அதில் என்ன இருக்கிறது, செய்யட்டுமே என்று தலையாட்டிவிட்டார். பேரவையில் யாரும் மறுக்கவில்லை. அவன் போட்ட பல்பு அவர்கள் தலைக்கு மேல் எரிந்துகொண்டிருந்தது.

சப்பரம் கிளம்புகிற மணிதான் வருஷத்திலேயே பெரிய மணி. அதற்காக என் வீட்டுக்காரர் காலையிலிருந்து சாப்பிடாமல் ஒருசந்தி இருப்பார். குளித்துப் புது வேட்டி கட்டுவார். ஊரே அந்த ஒரு நேரத்தில்தான் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கும். அதைப் பிடுங்கிக் கொடுத்துவிட்டார்கள். கூட்டம் முடிந்து வந்தவர், "உன் தம்பி என் கழுத்தை அறுத்துட்டாண்டி" என்றார். அவன் என் தம்பி ஆகிவிட்டான். அவன் வாங்கி வந்த சட்டையைப் போட்டபோது மட்டும் அவருடைய மாப்பிள்ளையாக இருந்தான்.

தம்பியைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன். "ஏலே, உனக்கு வேற ஆசையே கிடைக்கலையா?" என்றேன். சிரித்தான். அப்படியானால் மச்சானிடம் முறையாகக் கேட்டுப் பழகிக்கொள் என்றேன். "மணி அடிக்க என்னக்கா படிப்பு வேணும்?" என்றான். ஆனாலும் என் முகத்துக்காக முற்றத்துக்குப் போய், "மச்சான், எப்படி இழுக்கணும்?" என்று கேட்டான்.

இவர் பல் விளக்கிக்கொண்டிருந்தார். வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, "இழுத்தா அடிக்கும் மாப்ள. அம்புட்டுத்தான்" என்றார்.

திருவிழா அன்று சாயங்காலம் வியாகுல மாதாவைச் சப்பரத்தில் ஏற்றியாகிவிட்டது. நெஞ்சில் ஏழு வாளோடு மாதா நிற்கிறாள். சுற்றிலும் ஒரு தோட்டத்துப் பூ. தூக்குகிறவர்கள் தோள் கொடுத்து நிற்கிறார்கள். மேளக்காரர்கள் கம்பை ஓங்கியிருக்கிறார்கள். பட்டுச் சட்டையும் மைனர் வேட்டியுமாக என் தம்பி கோபுரத்துக்குள் போனான். இவர் கோபுர வாசலுக்குச் சற்றுத் தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

பங்குசாமி கையை உயர்த்தினார். மேளம் முழங்கியது. சப்பரம் எழுந்தது. மணி அடித்தது.

ஒரே அடி. பெரிய அடி. அந்த மணியின் கனம் தெரியாதவன் இழுத்தால் கயிறு முழுக்க மேலே ஓடும்; அது இறங்கி வரும் வரை கையைத் தூக்கிக்கொண்டு காத்திருக்கத்தான் வேண்டும். காத்திருந்தான். ஒலி தேய்ந்து அடங்கியது. மறுபடி ஓர் அடி. மேளத்தில் இரண்டு பேர் நிறுத்திவிட்டார்கள். மூன்றாவது அடிக்கு எல்லாரும் நிறுத்திவிட்டார்கள். தூக்கின சப்பரத்தை அப்படியே தரையில் இறக்கிவிட்டார்கள். அத்தனை கூட்டமும் வாயடைத்து நிற்கிறது. உள்ளே இருக்கிறவனுக்கு வெளியே நடப்பது தெரியாது. ஊர் மரியாதையாக நின்று கேட்கிறது என்று நினைத்துக்கொண்டு, அவன் இன்னும் அழகாக, இன்னும் நிதானமாக இழுக்கிறான். வியாகுல மாதா திருவிழாவில், மாதா தெருவுக்கு இறங்குகிற நேரத்தில், என் கூடப் பிறந்தவன் சாவு மணி அடிக்கிறான்.

யாரு, யாரு என்று காதுக்குக் காது கேட்கிறார்கள். வீட்டில் நோயாளியை வைத்திருக்கிறவர்கள் செருப்பைக்கூடப் போடாமல் ஓடுகிறார்கள். அந்த நேரத்தில்தான் கிழக்குத் தெருவிலிருந்து சிவனம்மாள் வந்தாள். என்னோடு திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்கிறவள். அவள் புருஷன் முத்துச்சாமி தென்னையிலிருந்து விழுந்து, இடுப்பு முறிந்து, திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். மகனைக் காவலுக்கு வைத்துவிட்டு, துணிமணி எடுத்துப் போக அன்றைக்குத்தான் வீட்டுக்கு வந்திருந்தாள். கையில் ஒயர் கூடை. அதில் அவர் வேட்டி மடித்து வைத்திருக்கிறது.

"எப்பய்யா போச்சு?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். "ஆஸ்பத்திரியில இருந்து போன் வந்துச்சா? உங்களுக்கெல்லாம் சொன்னாக, எனக்கு ஏன்யா சொல்லல? மத்தியானம்கூட கஞ்சி குடிச்சாரே!" சப்பரத்துக்கு முன்னால் மண்ணில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். இல்லை என்று சொல்லக்கூட யாருக்கும் துணிவில்லை. மணி அடிக்கிறதே. மணி சொன்னபிறகு மனுஷன் என்ன சொல்வது?

அப்போது என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். அந்தச் சிரிப்பைக் காணோம். கோபுரத்துக்குள் ஓடினார். "விடுலே கயித்த!" என்று ஒரு சத்தம் கேட்டது. அடுத்த நிமிஷம் திருவிழா மணி பேச ஆரம்பித்தது. அப்படி ஓர் அடியை நான் கேட்டதில்லை. இல்லை, இல்லை, யாரும் சாகவில்லை என்று அந்த மணி கதறியது. ஆனால் ஒருத்தரும் நம்பவில்லை. தூக்குகிறவர்கள் தோள் கொடுக்கவில்லை. சாவு மணி கேட்டபிறகு அன்றைக்குத் திருவிழா மணி கேட்டு எங்கள் ஊருக்குப் பழக்கமில்லை. சிவனம்மாளின் மகனுக்கு நான்தான் போன் போட்டேன். அப்பா இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார், சட்னி காரம் என்று திட்டுகிறார் என்றான். போனை அவள் காதில் வைத்தேன். புருஷன் திட்டுவதைக் கேட்டுக் கேட்டு அவள் அழுதாள். அவள் எழுந்து நின்ற பிறகுதான் சப்பரம் நகர்ந்தது.

சப்பரம் ஊர் சுற்றி வந்து கோயிலுக்குள் ஏறும் வரை இவர் கயிற்றை விடவில்லை. உள்ளங்கைத் தோல் உரிந்து கயிறு சிவந்திருந்தது. வெளியே வந்தவர் நேராகச் சிவனம்மாள் முன்னால் போய் நின்றார். "தப்பு அவன் மேல இல்ல தாயி. எப்படி அடிக்கணும்னு கேட்டான். எரிச்சல்ல நான் சொல்லித் தரல" என்றார். ஊரே கேட்டுக்கொண்டு நின்றது.

சிவனம்மாள் திட்டியிருந்தால் தேவலை. கூடையை எடுத்துக்கொண்டு, "பரவால்லண்ணே. ஆனா ஒண்ணு. எம் புருசன் நெசமாவே போற அன்னைக்கு நீங்க மணி அடிச்சா நான் நம்ப மாட்டேன்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனாள்.

மறுநாள் காலைப் பூசைக்கு இவர் எழுந்து போகவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் வேண்டிக்கொண்டது அதுதான், விடியும்போது பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும் என்று. இருந்தார். கண்ணைத் திறந்தபடி விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். அன்புமணி அடித்த மணி கேட்டது. சரியில்லை என்றுகூடச் சொல்லவில்லை. எழுந்து போய்த் தொலையுங்கள், அவளிடமே போங்கள் என்று சொல்லலாம்போல் எனக்கு இருந்தது.

திருவிழாக் கொடி இறக்கம் முடிந்து பிராங்க்ளின் வந்தான். மச்சான் பக்கத்தில் உட்கார்ந்து போனை நீட்டினான். நமக்குக் காலை என்றால் அவர்களுக்கு முந்தின நாள் ராத்திரி. அந்த அரண்மனை மாடியும் அதே மணியும் நேரலையில் தெரிந்தன. நாட்டுத் தலைவர் கயிற்றை இழுக்க, கீழே ஜனம் கத்தியது. இவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "கயித்த ரொம்ப ஓட விடுறாக" என்றார். எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

"மச்சான், ஒண்ணை நான் உங்ககிட்டச் சொல்லல" என்றான் தம்பி. "அன்னைக்கு அந்தச் சாமியார் கயித்தத் தொடவே இல்லைன்னு சொல்லுவாக. அடிக்கச் சொன்னாரு. அடிச்சது அந்தக் கோயிலோட மணியடிக்கிற ஆளு. கால் நொண்டி. ஹொசே கால்வான்னு பேரு. ஹொசேன்னா நம்ம ஊருல சூசை."

இவர் போனிலிருந்து கண்ணை எடுத்தார். "ஏன் சொல்லல?"

"சின்ன வயசுல ஒரே ஒரு தடவை இழுத்துப் பாக்குறேன்னு எத்தனை தடவை உங்க பின்னால வந்திருப்பேன்? தொட விட்டீகளா? அந்த ஆளு பேரைச் சொன்னா நீங்க சந்தோசப்படுவீகன்னு தெரியும். அதான் சொல்லல."

ரெண்டு பேரும் ஒரே சட்டியில் வெந்தவர்கள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. போனில் வாணவேடிக்கை ஓய்ந்தது. அப்புறம் இவர் கேட்டார்:

"அந்த நொண்டி செத்தப்ப அவனுக்கு யாரு மாப்ள மணி அடிச்சா?"

தம்பிக்குத் தெரியவில்லை. போனில் தேடிப் பார்த்தான். கிடைக்கவில்லை.

இவர் எழுந்தார். கையில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துப் போட்டுவிட்டுச் சட்டையை மாட்டினார். மத்தியான மணிக்கு நேரம் ஆகியிருந்தது. வாசலில் நின்று திரும்பி, "சாவு மணி உனக்கு நல்லா வருது மாப்ள" என்றார். தம்பி தலையைக் குனிந்துகொண்டான். "கேலி பண்ணல. நெசமாத்தான் சொல்றேன். நீ அடிச்சதை ஊரே நம்புச்சே. நான் போற அன்னைக்கு எங்க இருந்தாலும் வந்துரு. அன்புமணி அடிக்கக் கூடாது, நீதான் அடிக்கணும். திருவிழா மணிய மட்டும் தொட்ட, கையை ஒடிச்சுப்புடுவேன்."

என் தம்பி அழுதுவிட்டான். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இத்தனை வருஷம் இந்த ஆளுக்குப் பொங்கிப் போட்டவள் நான். சாவைப் பற்றிப் பேசும்போதுகூட அந்த வெண்கலக்காரி நினைப்புத்தான்.

"அப்ப எனக்கு யாரு அடிப்பா?" என்று கேட்டேன்.

"உனக்கா?" என்றார். இப்படி ஒரு கேள்வி உண்டா என்பதுபோல் என்னைப் பார்த்தார். "உனக்கு என்னைத் தவிர வேற எவனாவது கயித்தத் தொட்டுருவானா?"

சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். அப்படியானால் நான் முந்திக்கொள்ள வேண்டும். அதையும் அவரே முடிவு செய்துவிட்டார்.